மருந்தாளர் பதில்கள்: 50,000 பெரிதா, 0.25 சிறிதா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தைரொயிட் சுரப்பியை முழுமையாக அகற்றினார்கள். அன்றுமுதல் காலையில் தைரொக்சின், கல்சியம் குளிசைகளோடு 0.25 மைக்ரோகிராம் அல்ஃபகல்சிடோல் கப்சியூல் ஒன்றும் எடுக்கிறேன். சென்ற மாதம் அந்தக் கப்சியூல் எங்கும் கிடைக்காமல் நான்கு நாட்கள் தவறிவிட்டன. வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இரவில் கைவிரல்கள் இழுத்துக்கொண்டன. என் அக்காவுக்கு எலும்பு நோவுக்காக வாரத்துக்கு ஒன்றென 50,000 அலகு விற்றமின் டீ கொடுத்திருக்கிறார்கள். “உன்னுடையது கால், என்னுடையது ஐம்பதினாயிரம், இதையே போடு” என்கிறார். போடலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம், சகோதரி. அக்காவின் அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கப்சியூல் உங்கள் குறையைத் தீர்க்காது.

விற்றமின் டீயில் 40 அலகு சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். உங்கள் அல்ஃபகல்சிடோலும் விற்றமின் டீயின் ஒரு வகைதான். அந்தக் கணக்கில் அக்காவின் கப்சியூலில் 1,250 மைக்ரோகிராம் இருக்கிறது. எடையில் உங்களுடையதைப்போல் 5,000 மடங்கு. ஆயினும் அது நெல்; உங்களுடையது அரிசி. படுவான்கரை வீடுகளில் நெல் மூட்டை எத்தனை அடுக்கியிருந்தாலும் ஆலை ஓடாவிட்டால் உலை வைக்க முடியாதல்லவா? அக்கா எடுக்கும் விற்றமின் டீ, ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் இன்னொரு முறையும் மாற்றம் பெற்ற பிறகுதான் குடலிலிருந்து கல்சியத்தை உறிஞ்சித் தரும். சிறுநீரகத்தில் நடக்கும் மாற்றத்துக்குக் கட்டளையிடுவது, தைரொயிட்டின் பின்புறம் அரிசிமணியளவில் ஒட்டியிருக்கும் நான்கு பராதைரொயிட் சுரப்பிகளின் சுரப்பு. தைரொயிட்டை அகற்றும்போது அவை காயப்படுவதோ அதனோடு சேர்ந்து போய்விடுவதோ உண்டு. உங்களுக்கு நேர்ந்தது அதுவாகவே இருக்க வேண்டும். அல்ஃபகல்சிடோலில் சிறுநீரகத்தின் வேலை முன்கூட்டியே முடிக்கப்பட்டிருப்பதால் எஞ்சியதை ஈரல் செய்தால் போதும்.

இன்னொரு வேறுபாட்டையும் நீங்கள் உடம்பிலேயே அனுபவித்துவிட்டீர்கள். உங்கள் மருந்தின் வேலை சில நாட்களில் அடங்கிவிடும். அதனால்தான் நான்கு நாட்களில் இரத்தத்தில் கல்சியம் இறங்கி விரல் இழுத்தது. அக்காவின் மருந்தோ கொழுப்பில் தங்கி, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நிற்கும். அளவு மிஞ்சினால் நிறுத்திய பின்னும் உடனே இறங்காது என்பதே இதன் பொருள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில், வயல்காரர் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். பொலித்தீன் பையிலிருந்து வெறும் மருந்து அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். வாரம் ஒன்று என எழுதப்பட்டிருந்த 50,000 அலகுக் கப்சியூலை, சத்து மருந்துதானே என்று அந்த மனிதர் ஒரு மாதத்துக்கு மேலாக நாளுக்கு ஒன்றாக விழுங்கியிருக்கிறார். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பேச்சில் தடுமாற்றம். வீட்டார் சீனி வருத்தம் என்றே நினைத்திருந்தார்கள். இரத்தத்தில் கல்சியம் மிகவும் ஏறியிருந்தது. வாட்டில் சேர்த்து நாட்கணக்கில் சேலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. ‘விற்றமின்’ என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட வேறொன்றும் உண்டு. தைரொக்சினையும் கல்சியத்தையும் காலையில் சேர்த்தே எடுக்கிறீர்களா? கல்சியம் தைரொக்சினை உடம்பில் முழுமையாகச் சேரவிடாது. தைரொக்சினை வெறும் வயிற்றில் எடுத்து, நான்கு மணித்தியாலமாவது கழித்து, கல்சியம் காபனேற்றாக இருந்தால் சாப்பாட்டோடு கல்சியத்தை எடுங்கள். உங்கள் கல்சியத்தை இயல்பளவின் கீழ் எல்லையை ஒட்டியே வைத்தியர் வைத்திருந்தால் அதைக் குறையென்று எண்ண வேண்டாம். பராதைரொயிட் சுரப்பு இல்லாதபோது சிறுநீரகம் கல்சியத்தைத் திருப்பி எடுக்காமல் சிறுநீரோடு விட்டுவிடுவதால், மேலே ஏற்றினால் கல் உண்டாகக்கூடும்.

ஒரு வாரத்துக்கான கப்சியூல் மீதியிருக்கும்போதே அடுத்ததைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கல்சிட்ரியோல் என்ற நெருங்கிய மருந்துக்கு வைத்தியர் மாற்றித் தரலாம். ஆனால் இரண்டின் அளவும் ஒன்றல்ல. எறும்பு ஊர்வது போன்ற விறுவிறுப்புத் தொடங்கினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கை இழுத்தாலோ மூச்சு அடைத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கடற்கரை ஊரில், வருடம் முழுவதும் வெயிலில் வாழும் எங்களுக்கு விற்றமின் டீ எப்படிக் குறையும்?
– ஆசிரியை, கல்முனை

பதில்: வெயில் ஊரில் இருக்கிறது, நம் தோலில் படுவதில்லை. வகுப்பறையிலும் வாகனத்திலும் பகல் கழிகிறது. தோலில் விற்றமின் டீயை உண்டாக்கும் கதிர் யன்னல் கண்ணாடியைக் கடந்து வராது. கருமையான தோலுக்கு நேரமும் கூடுதலாகத் தேவை. விடியற்காலை இளவெயிலே சிறந்தது என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. உண்மையில் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் பொழுதில்தான் அந்தக் கதிர் வலுவாக இருக்கும். அந்த வேளையில் முகமும் கையும் சிறிது நேரம் வெயில் கண்டால் நல்லது. தோல் கருகும்வரை நிற்கத் தேவையில்லை. சூடை போன்ற கொழுப்புள்ள மீன்களிலும் விற்றமின் டீ உண்டு.

கேள்வி: சிறுநீரக வருத்தத்துக்காக வாப்பா கிளினிக்கில் அல்ஃபகல்சிடோல் எடுத்து வந்தார். எலும்பு நோவு குறைந்திருந்தது. இம்முறை இரத்தம் பார்த்துவிட்டு அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மருந்து இல்லாததால்தான் வெட்டிவிட்டார்கள் என்று வாப்பா மனம் நொந்திருக்கிறார்.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: வாப்பாவின் மனக்கவலை நியாயமானது. நோவைத் தணித்த மருந்து கையைவிட்டுப் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இரத்தம் பார்த்த பிறகு நிறுத்தினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த மருந்து கல்சியத்தை மட்டுமன்றிப் பொஸ்பரசையும் குடலிலிருந்து கூடுதலாக உள்ளே எடுக்கும். பழுதடைந்த சிறுநீரகத்தால் பொஸ்பரசைப் போதியளவு வெளியேற்ற முடியாது. இரண்டும் ஏறினால் எலும்பில் சேர வேண்டியது இரத்தக் குழாய்ச் சுவரில் படியும். அதனால் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும், சில காலம் நிறுத்தி மீண்டும் தொடங்குவதும் இந்தச் சிகிச்சையின் இயல்பு. சோற்றோடு விழுங்கச் சொல்லி வாப்பாவுக்குக் கல்சியம் காபனேற்றும் கொடுத்திருந்தால், அது உணவிலுள்ள பொஸ்பரசைப் பிடித்துவைப்பதற்காக. சாப்பாட்டுக்கு இடையில் தனியாக எடுத்தால் அந்தப் பயன் கிடைக்காது. அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். கல்சியம், பொஸ்பரசு, பராதைரொயிட் சுரப்பு ஆகியவற்றின் அளவுகளைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தருமாறு கேளுங்கள். வாப்பா இரத்த அழுத்தத்துக்குத் தயசைட் வகைக் குளிசை (சிறுநீரைக் கூட்டும் மருந்து) எடுப்பவராயின் அதுவும் கல்சியத்தை ஏற்றக்கூடியது. ஆகவே வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.