கடைக்குப் போகும்போது சிம்மையும் இயர்போனையும் கையோடு எடுத்துப் போங்கள்

கேள்வி: எனக்கு 63 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். இதுவரை பட்டன் போன்தான். மகன் 15,000 ரூபாய்க்குள் டச் போன் வாங்கித் தருகிறேன் என்கிறான். எனக்கு வேண்டியது மூன்றே மூன்று. பென்டிரைவில் 40 ஜிபி அளவுக்குக் கச்சேரிகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்க வேண்டும். பேச வேண்டும், வீட்டுக்குள் சிக்னல் சுமார்தான், அதனால் இரண்டு சிம் வைத்திருக்கிறேன். இணையத்தில் தமிழ் படிக்க வேண்டும். கடையில் கேட்டால் கேமராவைப் பற்றியே சொல்கிறார்கள். நான் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அம்மா, 2007 ஜனவரி 9 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில் காட்டியபோது நீங்கள் கேட்கும் இதே மூன்றைத்தான் சொன்னார்: பாட்டுக்கு ஐபாட், பேச ஒரு போன், இணையத்துக்கு ஒரு கருவி, மூன்றும் ஒன்றுக்குள். டச் போன் இந்த மூன்று வேலைக்காக வந்த பொருள். கேமராவும் விளையாட்டும் விளம்பரத்தின் முன்வரிசைக்கு வந்தது பிறகுதான். ஆகவே நீங்கள் கேட்பது சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நான் யாருக்குப் போன் பார்த்துக் கொடுத்தாலும் ஒரு கணக்கு வைத்துக்கொள்வேன். வாங்கியபின் எதைச் சரிசெய்ய முடியும், எதைச் சரிசெய்யவே முடியாது? பாட்டின் தரத்தை நல்ல இயர்போன் வாங்கிக் கூட்டிக்கொள்ளலாம். படிப்பதைச் செட்டிங்கில் பாதி சரிசெய்யலாம். பேச்சில் குறை இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, போனையேதான் மாற்ற வேண்டும். அதனால் முதலில் பேச்சைப் பார்த்து வடிகட்டுங்கள். அப்புறம் திரை. கடைசியில்தான் பாட்டு.

பேச்சில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று குரல் நின்றுவிடும். அழைப்பு மட்டும் துண்டிக்கப்பட்டிருக்காது. சிக்னல் என்று நினைத்து சிம்மைக்கூட மாற்றினோம். ஒரு நாள் அவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். போன் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது, திரையோ அணையாமல் வெளிச்சமாகவே இருக்கிறது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்ததும் கன்னம் போய் மியூட் பொத்தானை அழுத்தியது. அவ்வளவுதான், இந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை.

போனைக் காதில் வைத்தவுடன் திரை அணைய வேண்டும். அதற்கென்று மேல் விளிம்பில் ஒரு சென்சார் இருக்கும். பிராக்சிமிட்டி சென்சார் என்பார்கள். விலை குறைந்த பல போன்களில் தனியாக அந்தச் சென்சாரை வைப்பதில்லை. மற்ற பாகங்களை வைத்து மென்பொருளே ஊகித்துக்கொள்ளும். விவரப் பட்டியலில் ‘விர்ச்சுவல்’ என்று போட்டிருந்தால் அது இந்த வகை. சில போன்களில் ஒழுங்காக வேலை செய்கிறது, சிலவற்றில் என் அப்பாவுக்கு ஆன கதைதான். உங்கள் போனில் எப்படி இருக்கும் என்பதைப் பட்டியலைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் சிம்மைக் கடையில் இருக்கும் போனில் போடச் சொல்லுங்கள். மகனுக்கு ஒரு அழைப்பு போட்டு மூன்று நிமிடம் பேசுங்கள். வீட்டில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடியுங்கள், தலையைச் சாயுங்கள், தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் திரை அணைந்தே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். அதே அழைப்பைக் கடைக்கு வெளியே, பஸ் போகும் ரோட்டோரம் நின்றும் பேசுங்கள். மகன் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா, ஹாரன் சத்தத்துக்கு நடுவே உங்கள் குரல் அவருக்குப் போகிறதா, இரண்டையும் பார்க்க வேண்டும். சத்தத்தை வடிகட்டுவதற்காகவே பல போன்களில் மேல் முனையில் இரண்டாவது மைக் ஒன்று, ஊசித் துளை மாதிரி, இருக்கும். எல்லாப் போனிலும் அதைத் தேடாதீர்கள். ரோட்டோரச் சோதனை சரியாக வந்தால் போதும்.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததற்குப் போன் பாதிதான் காரணமாக இருக்கும். மீதி, சுவரும் டவரின் தூரமும். உங்கள் வீட்டில் வைஃபை இருந்தால் இதற்கு நல்ல வழி இருக்கிறது. வைஃபை காலிங் என்ற வசதியில் அழைப்பு டவரை நம்பாமல் வீட்டு இணைப்பு வழியாகப் போகும். ஏர்டெல் 2019 இறுதியிலும் ஜியோ 2020 தொடக்கத்திலும் இதைக் கொண்டுவந்தன. தனிக் கட்டணம் இல்லை, எதிர்முனையில் இருப்பவரிடம் இந்த வசதி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் போனும் உங்கள் சிம் நிறுவனமும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சோதிப்பது எளிது. செட்டிங்கில் வைஃபை காலிங்கை இயக்கிவிட்டு, ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் மறுபடி இயக்குங்கள். அந்த நிலையில் சாதாரண அழைப்பு போனால் வசதி வேலை செய்கிறது என்று அர்த்தம். கடையின் வைஃபையிலேயே இதைச் செய்து பார்த்துவிடலாம்.

வைஃபை இல்லை என்றால், போன் எந்தெந்த அலைவரிசைகளைப் பிடிக்கிறது என்று பாருங்கள். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவரைத் தாண்டி உள்ளே வருவதில் கெட்டி. பட்டியலில் இவை முறையே பேண்ட் 28, 5, 8 என்று இருக்கும். மூன்றும் இருக்கிற போன் உங்களுக்கு நல்லது. 5ஜி கட்டாயமா என்று கேட்டால், உங்கள் மூன்று வேலைக்கும் 4ஜி தாராளம். இந்த விலையில் 5ஜி-யைச் சேர்ப்பதற்காகத் திரையில் கைவைத்துவிட்ட போன்கள் நிறைய இருக்கின்றன. திரை நன்றாக இருந்து 5ஜி-யும் இருந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, திரைக்கு வருவோம். 15,000 ரூபாய்க்குள் இரண்டு வகைத் திரைகள் கிடைக்கும். ஹெச்டி பிளஸ் என்றால் 720க்கு 1600 புள்ளிகள். ஃபுல் ஹெச்டி பிளஸ் என்றால் 1080க்கு 2400. அளவு இரண்டும் 6.7 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 260 புள்ளி, இரண்டாவதில் 390க்கு மேல். ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாமல் போகலாம். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ‘ண’வின் உள்சுழி, ‘ழ’வின் கீழ்வளைவு, மெய்யெழுத்தின் மேல் புள்ளி எல்லாம் சின்ன இடத்துக்குள் அடங்க வேண்டும். கடையில் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறக்கச் சொல்லி, செய்திக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் படக்குறிப்பைப் படியுங்கள். ‘அண்ணன்’, ‘மன்னன்’ போன்ற சொற்களில் ‘ண்’ணும் ‘ன்’னும் தனித்தனியாகத் தெரிகின்றனவா, புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிப்போய்விட்டதா என்று பாருங்கள். வழக்கமாகப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பாருங்கள். எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் ஹெச்டி பிளஸ் திரையும் உங்களுக்கு ஒத்துப்போகலாம். அதையும் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளிச்சத்தைக் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே அளக்க வேண்டாம். வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு பத்தி படிக்க முடிகிறதா பாருங்கள்.

இணையம் தடுமாறாமல் இருக்க ரேம், அதாவது ஆப்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம், 6 ஜிபி-க்குக் குறைய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 4 ஜிபி போனில் ஒரு கட்டுரையைப் பாதி படித்துவிட்டு, அழைப்பு ஒன்றைப் பேசி முடித்துத் திரும்பினால், பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏற ஆரம்பித்துவிடும். படித்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும். ‘4 + 4 ஜிபி’ என்று போட்டிருந்தால் இரண்டாவது 4 உண்மையான ரேம் அல்ல. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியைக் கடன் வாங்கி ரேம்போல வைத்திருக்கிறார்கள், வேகம் அந்த அளவுக்கு வராது. எழுத்தைப் பெரிதாக்க, இணையம் பார்க்கும் ஆப்பான குரோமின் செட்டிங்கில் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) பகுதிக்குள் போனால் இணையப் பக்கத்து எழுத்தை மட்டும் தனியாகக் கூட்டலாம். விளம்பரங்கள் கண்ணை உறுத்தினால் அதேபோன்ற இன்னொரு ஆப்பான ஃபயர்ஃபாக்ஸைப் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேர்க்க மகனிடம் சொல்லுங்கள். எந்தத் தளமாவது ‘அறிவிப்பு அனுப்பலாமா’ என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

இனி கச்சேரி. உங்கள் 40 ஜிபி-க்குத் தனி மெமரி கார்டு வேண்டியதில்லை. 128 ஜிபி சேமிப்பிடம் உள்ள போனில் மென்பொருள் எடுத்துக்கொண்டது போக மீதியில் அது தாராளமாக அடங்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான். ஹைப்ரிட் என்பார்கள். கார்டைப் போட்டால் ஒரு சிம்மை எடுத்துவிட வேண்டும். இரண்டு சிம் வைத்திருக்கும் உங்களுக்கு அது ஆகாது. சேமிப்பிடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி போனை மட்டும் தொடாதீர்கள்.

கேசட்டிலிருந்தும் வானொலியிலிருந்தும் எடுத்த பழைய பதிவுகள் பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. அந்தக் கணக்கில் உங்களிடம் இருப்பது 690 மணி நேரச் சங்கீதம்! அதற்கு ஹை-ரெஸ், எல்டாக் என்று உயர்ந்த ஒலித்தரத்தைச் சொல்லிப் போடும் முத்திரைகளுக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பதிவில் இல்லாத நுணுக்கத்தை எந்தப் போனும் கொண்டுவர முடியாது. தம்பூராவின் ஸ்ருதி, மிருதங்கத்தின் தொப்பி, பாடுபவரின் மூச்சு, இவை தெரிவதும் தெரியாததும் இயர்போன் கையில் இருக்கிறது. அதனால் 15,000 முழுவதையும் போனுக்கே கொடுத்துவிடாமல் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை இயர்போனுக்கு ஒதுக்குங்கள்.

வயர் இயர்போன்தான் உங்களுக்கு நான் சொல்வது. சார்ஜ் போட வேண்டாம், தொலையாது, அழைப்பு வந்தால் அதிலேயே பேசலாம். அதற்கு 3.5 மிமீ துளை உள்ள போனாகப் பாருங்கள், இந்த விலையில் இன்னும் கிடைக்கின்றன. துளை இல்லாத போனை எடுக்க நேர்ந்தால் சார்ஜ் துளையில் செருகும் அடாப்டர் வேண்டும். அதில் ஒரு சிக்கல். சில போன்கள் அந்தத் துளை வழியாக ஒலியை நேரடியாகத் தரும், சில தராது. தராத போனில், டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்றபடி மாற்றும் டாக் (DAC) என்ற சிப் உள்ள அடாப்டர்தான் வேலை செய்யும். நூறு ரூபாய் அடாப்டரில் பெரும்பாலும் அது இருக்காது. வாங்கும்போதே செருகிப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு காதில் கேட்கும் திறன் குறைவாக இருந்தால் அணுகல்தன்மைச் செட்டிங்கில் ‘மோனோ ஆடியோ’ இருக்கிறது. இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாக்கி இரு காதிலும் தரும்.

பாட்டு ஆப் விஷயத்தில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ஃபோல்டர் ஃபோல்டராகப் பாட வைக்க முடிய வேண்டும். பழைய கோப்புகளில் பாடகர் பெயர் ஒழுங்காக இருக்காது, சிலவற்றில் பழைய எழுத்துருவில் அடித்த பெயர் புரியாத குறிகளாக வரும். ஃபோல்டர் வழியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை. விஎல்சி இலவசம், இதை நன்றாகச் செய்கிறது. இன்னொன்று, திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுபோனால் போன் பழுது என்று நினைக்க வேண்டாம். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பைப் போனே நிறுத்திவிடும். அந்த ஆப்பின் பேட்டரி செட்டிங்கில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றினால் ஆலாபனை பாதியில் அறுபடாது.

பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு 6 ஆண்டு என்று அறிவித்தார்கள். விலை குறைந்த போனிலும் அது முடிகிற காரியம்தான். 4 ஆண்டுக்குக் குறைந்தால் இன்னொன்றைப் பாருங்கள், வங்கி வேலையையும் அதில் செய்ய ஆரம்பிப்பீர்கள்.

பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தினால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பில் இல்லாமல் 500 ரூபாய் குறைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கச்சேரிகளை ஏற்ற கம்ப்யூட்டர் தேவையில்லை. சின்ன ஓடிஜி அடாப்டர் ஒன்றைப் போட்டுப் பென்டிரைவைப் போனிலேயே செருகிக் காப்பி செய்யலாம். சில போன்களில் செட்டிங்கில் ஓடிஜியை முதலில் இயக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் பென்டிரைவை அழித்துவிடாதீர்கள். போன் கீழே விழும், தொலையும், ஒரு நாள் அப்படியே நின்றுபோகும். அந்தப் பதிவுகளில் சில வேறு யாரிடமும் இல்லாதவையாகக்கூட இருக்கலாம். இன்னொரு பென்டிரைவ் வாங்கி அதிலும் ஒரு பிரதி எடுத்து, மகன் வீட்டில் வைத்துவிடுங்கள்.