ஜப்பான் வாடகை வீடுகளில் உள்ள 'யூனிட் பாத்' என்பது என்ன?

தரை, சுவர், கூரை, குளியல் தொட்டி எல்லாம் தொழிற்சாலையிலேயே தயாராகி வந்து, வீட்டுக்குள் ஒரே அறையாகப் பூட்டப்படும் குளியலறைதான் யூனிட் பாத். 1964 ஒலிம்பிக்ஸை ஒட்டி டோக்கியோவில் ஓட்டல் நியூ ஓட்டானியை அவசரமாகக் கட்டியபோது, குளியலறைச் சாதனங்கள் தயாரிக்கும் டோட்டோ நிறுவனம் இதைச் செய்துகொடுத்தது.

இது பரவியதற்கு வேகம் ஒரு காரணம். அதைவிட முக்கியம், ஒழுகாமல் இருப்பது. டைல்ஸ் தரையில் இடுக்கு வழியாக நீர் இறங்கிக் கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வரும். இதன் தரையோ ஒரே வார்ப்பு. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி, விளிம்பைத் தாண்டாது.

தனியாள் வீடுகளில் சுமார் 1 மீட்டருக்கு 1.4 மீட்டர் இடத்தில் தொட்டி, வாஷ்பேசின், டாய்லெட் மூன்றும் அடங்கிவிடும். பல வீடுகளில் குழாய்கூட ஒன்றுதான்; பேசின் பக்கமும் தொட்டிப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் இது. குளிப்பது தொட்டிக்குள் நின்று, தொட்டியை மறைக்கும் திரையின் கீழ்முனையையும் உள்ளே விட்டுக்கொண்டு. நம்மூர் வாளிக் குளியல் போட்டால் டாய்லெட் பேப்பர் கூழாகிவிடும்.

குளித்ததும் கதவைத் திறந்துபோட்டால் சீக்கிரம் காயும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஈரம் படுக்கையறைக்குத்தான் வரும், கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள்.