சீட் பெல்ட் இல்லாமல் ஏர்பேக் காக்காது: டர்பன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஈஸ்டர் நெருங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாவுக்கு மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில் ஏறிப் புறப்படும் நாள்கள் இவை. வண்டிப் பாதுகாப்புக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். வந்த கேள்விகளில் அவசரமானவற்றுக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சேட்ஸ்வர்த்): ஐயா, எங்கள் காரில் ஏர்பேக் இருக்கிறது. பக்கத்துக் கடைக்குப் போகவும் பெல்ட் வேண்டுமா?

பதில்: வேண்டும். பெல்ட் போட்டவரை மனத்தில் வைத்தே, மோதலில் விரியும் காற்றுப்பையான ஏர்பேக்கை அமைக்கிறார்கள். அது விரிய ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. பெல்ட் போடாதவர் பிரேக் பிடித்ததுமே முன்னால் சரிந்துவிடுவார். விரிந்துகொண்டிருக்கும் பை முகத்திலும் மார்பிலும் அறையும். பின்னாலிருந்து யாராவது மோதினால் முன் ஏர்பேக் பெரும்பாலும் விரியவே விரியாது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எங்களிடம் இரண்டு பேர் உட்காரும் பக்கிதான் (பின்னால் சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி) இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையை எங்கே வைப்பது? மடியில் வைத்துக்கொள்ளலாமா அண்ணா?

பதில்: மடியில் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 7 கிலோ குழந்தையை 100 கிலோவுக்கும் மேற்பட்ட விசை முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. குழந்தை உங்களுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே நசுங்கும்.

இந்த வயதில் பின்புறம் நோக்கிய குழந்தை இருக்கைதான் சரி. ஆனால் இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் அதை வைப்பது உயிருக்கே ஆபத்து. பை விரியும்போது குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் பலகையைத்தான் அறைகிறது. சில பக்கிகளில் பயணி பக்கத்து ஏர்பேக்கைச் சாவியால் நிறுத்தலாம். நிறுத்திவிட்டு, நிறுத்தியதைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெரியவர் உட்காரும்போது மறவாமல் மீண்டும் இயக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால் பின் இருக்கையுள்ள உறவினர் காரைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை 2015 முதல் இங்கே சட்டப்படியும் கட்டாயம்.

கேள்வி (டொங்காட்): மருமகளுக்கு ஏழு மாதம். பெல்ட் வயிற்றை அழுத்தாதா?

பதில்: சரியாகப் போட்டால் அழுத்தாது அம்மா. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். பட்டுச் சேலை கட்டியிருந்தால் கொசுவத்தின் மேல் பெல்ட் மேடாக நிற்கும். கொசுவத்தைத் தட்டிவிட்டு மீண்டும் இழுத்து இறுக்கச் சொல்லுங்கள். அவரே ஓட்டினால் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும்.

கேள்வி (மெரிபேங்க்): பின்னால் உட்காரும் ஆயாவுக்கும் பெல்ட் தேவையா?

பதில்: ஆம். போடாவிட்டால் முன்னால் இருப்பவர் மேல் அவர் வந்து மோதுவார், இருவருக்கும் அடி.

கேள்வி (வெருலம்): பழைய கார் வாங்கினேன். ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை.

பதில்: சாவியைத் திருப்பியதும் எரிந்து சில விநாடிகளில் அணைவதே முறை. அணையாவிட்டால் விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கக்கூடும். மற்றொன்றையும் பாருங்கள்: டகாட்டா நிறுவனத்தின் பழைய ஏர்பேக்குகளில் பையை விரிக்க வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல ஆண்டுகள் கிடந்து கெடுகிறது, விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறி உயிர்கள் போயிருக்கின்றன. டர்பனின் கடலோர வெக்கையை நினைத்தால் எனக்கு இதுதான் பெருங்கவலை. வண்டியின் அடிச்சட்ட (சேசிஸ்) எண்ணைக் கார் நிறுவனத்தின் முகவரிடம் கொடுத்துக் கேளுங்கள். பழுதான பாகத்தை மாற்ற நிறுவனம் திரும்ப அழைக்கும் வண்டிகளின் பட்டியலில் உங்கள் வண்டி இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.