கேள்வி-பதில்: பிளாட் விளம்பரத்தில் கவுன்சிலர் படம்

கேள்வி: எங்கள் பக்கத்தில் புதிதாகப் பிளாட் போடுகிறார்கள். பூமி பூஜைக்கு வைத்த பிளக்ஸில் பிளாட் போடுகிறவர் படம் சிறியது, எங்கள் கவுன்சிலர் படம்தான் பெரியது. இனி இவரை எதற்காவது நம்ப முடியுமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பிளக்ஸை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கோயில் கொடை, கிறிஸ்துமஸ் விழா, காதுகுத்து என்று எல்லாவற்றிலும் கவுன்சிலர் படம் இருக்கும், கூப்பிட்டு வராவிட்டால் நாமே திட்டுவோம். பார்க்க வேண்டிய இடம் வேறு. வயலாகக் கிடக்கும்போது சென்ட்டுக்கு ஒரு விலை, பிளாட் ஆனதும் இன்னொரு விலை. நடுவில் அந்த மண்ணில் புதிதாக ஒன்றும் விளைந்துவிடவில்லை, ஒரு அப்ரூவலும் ஒரு ரோடும் வந்தன, அவ்வளவுதான். இரண்டிலும் அரசாங்கத்தின் கை இருக்கிறது. அதனால்தான் நிலம் விற்கிறவருக்கு அரசியல்வாதி வேண்டியிருக்கிறது, தேர்தல் செலவு என்று வரும்போது அரசியல்வாதிக்கு நிலம் விற்கிறவர் வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு நாள் சாயங்காலம் அந்த லே-அவுட்டுக்குள் நடந்து பாருங்கள். ஒரு வீடுகூட எழும்பாத இடத்தில் சிமென்ட் ரோடு, ஓடை, வரிசையாகத் தெருவிளக்கு எல்லாம் வந்து, உங்கள் தெருவில் குழி மட்டும் அப்படியே இருந்தால், அது யார் பணம் என்று கேளுங்கள். லே-அவுட்டுக்குள் ரோடு போடும் செலவு பிளாட் போடுகிறவருடையது, மாநகராட்சியுடையது அல்ல. அப்புறம் பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் என்றால், ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். (இதிலிருந்து தப்பிக்கவே ஒரே இடத்தைத் துண்டு துண்டாகக் காட்டுவது பழைய வித்தை.) அந்தப் பத்திரம் பதிவானதா, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, வேலி போட்டது யார்? இதற்கெல்லாம் உங்கள் கவுன்சிலர் நேராகப் பதில் சொன்னால், பிளக்ஸில் எத்தனை படம் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணே" என்றால் எனக்கும் சந்தேகம் வரும்.

கேள்வி: எங்கள் வயலுக்குப் பக்கத்துப் பற்றில் ராத்திரி ராத்திரியாக லாரியில் மண் அடிக்கிறார்கள். வாய்க்காலும் பாதி மூடிவிட்டது. கேட்டால் "மேல பேசியாச்சு" என்கிறார்கள். யாரிடம் போவது?
- ஒரு விவசாயி, தோவாளை

பதில்: பேசியாச்சு என்றால் காகிதத்தில் இல்லை என்று அர்த்தம், முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும், கட்சிக்காரர் யார் சொன்னாலும் அது ஒப்புதல் ஆகாது. சர்வே எண்ணை வைத்து, கிராமத்து நில விவரமெல்லாம் இருக்கும் 'அ' பதிவேட்டில் அது நஞ்சையா என்று பாருங்கள், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தில் வாய்க்கால் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். இரண்டும் கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும். பிறகு வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் தனித்தனியாக மனு, கூடவே மண் அடித்த தேதியோடு படம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுப்புங்கள், அங்கே பத்துப் பேர் முன்னால் கேட்ட கேள்வியைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

"பிறகு வரன்முறை பண்ணிக்கலாம்" என்று, அதாவது அனுமதியில்லாமல் போட்ட மனையைப் பின்னால் சட்டப்படி ஆக்கிக்கொள்ளலாம் என்று, ஒரு சமாதானம் சொல்வார்கள். 2017-ல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கானவை, அதிலும் நீர்நிலை நிலத்துக்கு இடமில்லை. கொஞ்சம் சீக்கிரம் செய்யுங்கள். உங்கள் வாய்க்கால் மூடினால் கும்பப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் இல்லாமல் நிற்பது நீங்கள் மட்டுமல்ல, கடைவரம்பு வரைக்கும் எல்லாரும்தான்.

கேள்வி: தேர்தலில் சொத்துக் கணக்கு கொடுக்கிறார்களே, அப்புறம் எப்படி மறைக்கிறார்கள்?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் மனைவி, சார்ந்திருப்போர் சொத்து வரை வரும். சொந்தமாகச் சம்பாதிக்கும் மகன், மச்சினன், பாகஸ்தன் வரமாட்டார்கள். தெரிந்த வருமானத்தில் மனைவி பேரில் வாங்கினால் பினாமிச் சட்டத்திலும் குற்றமில்லை. அதனால் தலைவர் பேரைத் தேடிப் பிரயோஜனமில்லை. சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, அப்ரூவலுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்னால் யார் வாங்கினார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: காமராஜர் நின்று ஜெயித்த தொகுதி, ஜீவா பிறந்த மண். இங்கேயா இப்படி?
- ஒரு வாசகர், பூதப்பாண்டி

பதில்: காமராஜர் நாகர்கோவிலில் ஜெயித்தது 1969-லும் 1971-லும். அன்றைக்கு இங்கே சென்ட் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். ரப்பர் பணமும் வளைகுடாப் பணமும் நிலத்தில்தான் வந்து இறங்கின. பெருமை பேசுவதில் தப்பில்லை, ஆனால் பட்டா அதனால் மாறாது.

கேள்வி: தகவல் உரிமை மனு போட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடாதா? ஊரில் இருக்க வேண்டாமா?
- பெயர் வேண்டாம், குளச்சல்

பதில்: பயம் நியாயம்தான், மனுவில் பெயரும் முகவரியும் வேண்டும். ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஊழல் நடந்ததா" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. தீர்மானத்தின் நகல், ரோட்டுக்கான மதிப்பீடு, தானப்பத்திரத்தின் நகல் என்று காகிதமாகக் கேளுங்கள். அப்புறம், பாதிக்கப்பட்டவர்தான் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம், சென்னையில் வேலை பார்க்கும் உங்கள் சித்தப்பா மகனும் கேட்கலாம்.