பதினேழு வயது மகன் பைக் கேட்கிறான். வாங்கிக் கொடுத்தால் பொறுப்பு வருமா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரக் காத்திருக்கிறான். மார்கழியில்தான் அவனுக்கு 18 நிறைகிறது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டான். ஒன்பதாவது படிக்கும் மகள்தான் எனக்கு ஒத்தாசை. "பைக் வாங்கிக் கொடு, வீட்டையும் வயலையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். என் பெயரில் தவணையில் எடுக்கலாம், லைசென்ஸுக்கு புரோக்கர் இருக்கிறார் என்று சொல்லி என் அண்ணன் 5,000 ரூபாய் அட்வான்ஸும் கட்டிவிட்டார். வண்டி வந்தால் பொறுப்பு வருமா?

பதில்: வராது, சகோதரி. வண்டி வந்ததும் திருந்திய பையனை நான் பார்த்ததில்லை. பெட்ரோல் காசு கேட்டுச் சண்டை போடும் பையன்களைத்தான் அம்மாக்கள் என்னிடம் அழைத்து வருகிறார்கள். முதலில் வண்டிச் சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். அதில் மாட்டப்போவது அவனைவிட நீங்கள்தான்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோரும் வண்டிக்குச் சொந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உங்கள் விஷயத்தில் பெற்றவரும் நீங்கள், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கப்போகும் பெயரும் உங்களுடையது. அவன் யார் மீதாவது மோதிவிட்டால், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று சொல்லி, கொடுத்த இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களிடமே திருப்பிக் கேட்கலாம்.

உங்கள் அண்ணன் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: "பதினாறு வயசிலேயே லைசென்ஸ் தர்றாங்களே!" தருகிறார்கள், உண்மைதான். ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்; அதற்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். நம் ஊரில் இந்த இடத்தில்தான் குழப்பமே. புல்லுக்கட்டு ஏற்றும் வண்டி, உர மூட்டை ஏற்றும் வண்டி எல்லாவற்றையும் 'டிவிஎஸ் ஃபிஃப்டி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் காலத்து டிவிஎஸ் 50 நிஜமாகவே 50 சிசி வண்டி. அப்புறம் வந்த எக்ஸ்.எல். சூப்பர் கிட்டத்தட்ட 70 சிசி. இப்போது ஓடுகிற எக்ஸ்.எல். 100, பெயரிலேயே இருக்கிறதே, ஏறக்குறைய 100 சிசி. பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்கள் 110, 125. ஆக, பதினாறு வயது லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாலும் உங்கள் வாசலில் நிற்கும் எந்த வண்டிக்கும் அது செல்லாது. கியர் வைத்த பைக்குக்கு அறவே செல்லாது. யார் எவ்வளவு விளக்கினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தவணை விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஷோரூமில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் பையன் மாதத் தவணையை மட்டும்தான் சொல்வான். கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்று தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர யோசித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து பணம் வந்து விழும் கணக்கைத் தானியங்கிப் பிடித்தத்துக்கு எழுதிக் கொடுக்கவே கூடாது.

சரி, பொறுப்புக்கு வருவோம். எனக்கு உங்கள் மகன் மேல் வருத்தமில்லை, அந்த புரோக்கர் மேல்தான் எரிச்சல். லைசென்ஸுக்கு ஒருவர், கல்லூரி அட்மிஷனுக்கு ஒருவர், சான்றிதழுக்கு ஒருவர். கல்யாணத் தரகரையாவது மன்னிக்கலாம். வீட்டுக்குள் அம்மா முடித்துத் தருகிறார், வெளியே புரோக்கர் முடித்துத் தருகிறார். நடுவில் இருக்கும் பையன் இருபத்தைந்து வயதில் ஒரு வங்கிச் செலானை நிரப்பத் தெரியாமல் நிற்கிறான். அலுவலகங்களும் அதற்குத் தோதாகத்தான் நடக்கின்றன. தனியாகப் போனவரை நாளைக்கு வா என்பார்கள். ஆளோடு போனால் அன்றைக்கே முடியும். அலையட்டும். நாலு தடவை அலைந்து ஒரு காகிதத்தை வாங்கி வந்தவனை அடுத்த தடவை யாரும் ஏமாற்ற முடியாது.

வீட்டில் தட்டிலிருந்து தொடங்குங்கள். அவன் சாப்பிட்டுத் தட்டிலேயே கை கழுவி வைத்துவிட்டுப் போகிறான், நீங்களோ மகளோ எடுக்கிறீர்கள், அப்படித்தானே? இன்றிலிருந்து எடுக்காதீர்கள். சோறு காய்ந்து ஒட்டி, எறும்பு மொய்த்து அந்தத் தட்டு அங்கேயே கிடக்கட்டும். அடுத்த வேளைக்கு அதே தட்டில்தான் சோறு என்று சொல்லிவிடுங்கள். கத்துவான்; கத்தட்டும். மகளைத் தூது அனுப்பாதீர்கள். அவள் பார்க்கும் வேலையில் சரிபாதி அவனுக்கு: ஒரு வேளைச் சமையல், தன் துணியைத் துவைப்பது, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது. சோறு வடிக்க, ஒரு ரசம் வைக்க, முட்டை பொரிக்கத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஆம்பளைப் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஆயிரம் இலை போடும் கல்யாணங்களில் அண்டாவுக்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் ஆண்தானே! அதைவிட நல்ல சாட்சி உங்கள் கணவர். வெளிநாட்டில் அறை எடுத்துத் தங்கும் நம் ஊர் ஆட்கள் முறை வைத்துச் சமைத்து, தாமே துவைத்து, செலவைப் பங்கு பிரித்து வாழ்கிறார்கள். அது மகனுக்குத் தெரியுமா? வீடியோ காலில் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு சிரிப்பது மட்டுந்தான் அவனுக்குத் தெரியும். அவர் வெங்காயம் நறுக்கும் நேரத்தில் போன் பண்ணச் சொல்லுங்கள். மாத வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று மகனிடம் அவரே சொல்லட்டும்.

வயலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான், விடாதீர்கள். எல்லா நிலத்தையும் கொடுக்க வேண்டாம், மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் போதும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் குறுவை நெல் போடலாம். மார்கழிக்குள் அறுத்துவிடலாம். கல்லூரி திறந்தாலும் சனி ஞாயிறு இருக்கிறது. டிராக்டர் கூலி, விதை, நடவுக் கூலி, உரம் எல்லாம் அவன் கையால் கொடுத்து நோட்டில் எழுதட்டும். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம்; அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலுக்கு வி.ஏ.ஓ.விடம் அவனே போகட்டும். பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தால் அது தனிக் கதை.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்தான் அவனுக்கு உண்மையான பரீட்சை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் தள்ளிவைப்பார்கள். மழை தூறினால் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்ததும் கிளறிக் காயவைக்க வேண்டும். நெல்லைக் குவித்துவிட்டு, தன் முறை எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி காவல் கிடக்க வேண்டியிருக்கும். தான் விளைவித்ததை அரசாங்கத்துக்கு விற்க ஒரு விவசாயி தெருவோரத்தில் படுத்துக் கிடக்க வேண்டுமா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. 40 கிலோ மூட்டை ஒவ்வொன்றையும் எடை போடும்போது அவன் பக்கத்தில் நிற்கட்டும். "சிட்டா அடங்கலை மட்டும் கொடுங்க தம்பி, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு வியாபாரி கட்டாயம் வருவார். கொடுத்தால் உங்கள் பெயரில் யாருடைய நெல்லோ போகும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கு அவனுக்கு, அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். கிளையில் "18 ஆகட்டும்" என்று திருப்பி அனுப்பினால் மேலாளரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

18 நிறைந்த பிறகு லைசென்ஸ். பரிவாகன் இணையதளத்தில் அவனே எல்.எல்.ஆர். போடட்டும். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து லைசென்ஸுக்கு விண்ணப்பித்து எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். புரோக்கருக்கு இதில் வேலையே இல்லை. அதன் பிறகும் வண்டி வேண்டுமென்றால் முன்பணம் அவன் குறுவைப் பணத்திலிருந்து, ஆர்.சி. அவன் பெயரில்.

கட்டிய அட்வான்ஸ் 5,000 பற்றிக் கவலைப்படாதீர்கள். அண்ணனிடம் ரசீதை வாங்கி மகனிடம் கொடுத்து, மாமாவோடு ஷோரூமுக்கு அனுப்புங்கள். முன்பதிவை ரத்து செய்யச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, அதன் நகலில் தேதியோடு அவர்கள் கையெழுத்தை வாங்கி வரட்டும். பணம் தர மாட்டோம் என்றால் அதையும் எழுத்தில் கேட்கட்டும். அப்படியும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனில் அவனே பேச வேண்டும், நீங்களோ அண்ணனோ வாங்கிப் பேசக்கூடாது.