சலவை நோட்டு முதல் கிழிந்த நோட்டு வரை: கேள்வி-பதில்

ரூபாய் நோட்டு அடிப்பது ரிசர்வ் வங்கியா, மத்திய அரசா?

இரண்டும்தான். நாசிக், தேவாஸ் அச்சகங்கள் மத்திய அரசு நிறுவனத்தின் கையில் உள்ளன. மைசூரு, சல்போனி அச்சகங்களை ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்துகிறது. நாசிக்தான் மூத்தது, 1928-லிருந்து ஓடுகிறது. எங்கே அடித்தாலும் வெளியிடுவது ரிசர்வ் வங்கி. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் விலக்கு. அது மத்திய அரசின் நோட்டு. கையெழுத்தும் நிதித்துறைச் செயலாளருடையது.

சட்டைப் பையோடு துவைத்த நூறு ரூபாய் கரையவே இல்லை. அது என்ன காகிதம்?

பருத்தி இழைக் காகிதம். மரக்கூழ்த் தாளாக இருந்தால் வாளியிலேயே கந்தலாகியிருக்கும். காய்ந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், காந்தியின் நிழலுருவம் தெரியும். அந்த நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் ஆலையில் தாள் தயாராகும்போதே உள்ளே போய்விடுகின்றன.

அப்பாவுக்குப் பார்வை இல்லை. நோட்டைத் தடவியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அச்சுத் தகட்டில் கோடுகளைப் பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள். பள்ளத்தில் மை நிற்கும். பெரும் அழுத்தத்தில் தாள் அதை அள்ளிக்கொள்வதால் மை மேடாகப் படியும். நூறில் முக்கோணமும் இரு ஓரங்களிலும் நான்கு சாய்கோடுகளும், ஐந்நூறில் வட்டமும் ஐந்து கோடுகளும் இப்படிப் புடைத்திருக்கும். முதலில் ஒரு சலவை நோட்டைக் கொடுத்து அப்பாவின் விரலுக்குப் பழக்குங்கள்.

பல கை மாறிய நோட்டில் மேடு தேய்ந்துவிடும், அதுதான் சிக்கல். சரி, நீளத்தை வைத்துப் பார்க்கலாமென்றால் நூறு ரூபாய் 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. நான்கு மில்லிமீட்டரை விரல் எப்படிப் பிரித்தறியும்? இந்த வித்தியாசத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி உதவும். கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும்.

எண்ணுக்கு நடுவே நட்சத்திரம் இருக்கிறது. கள்ள நோட்டா?

இல்லை. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வைத்தது. தாராளமாகச் செல்லும்.

ஐந்நூறு ரூபாய் கிழிந்து, ஒரு துண்டு காணோம்.

பதறாதீர்கள். 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், கையிலுள்ள ஒரே பெரிய துண்டு 80 சதவீதத்தைத் தாண்டினால் முழுப் பணம், 40 முதல் 80 வரை பாதி. செல்லோடேப் ஒட்டாமல், வேறு நோட்டின் துண்டைச் சேர்க்காமல் அப்படியே வங்கிக்கு எடுத்துப் போங்கள்.