எங்கே ஒழுகுகிறது என்று முதலில் சொல்லுங்கள்

கே: எங்கள் அணுமின் நிலையத்தில் வால்வு ஒழுகுகிறது. உடனே தீர்வு சொல்லவும்.

ப: கிளாண்டிலா (தண்டு வெளியே வரும் வாய்), பானட்டிலா (மேல்மூடி), சீட்டிலா (உள்ளே அடைப்பு வந்து உட்காரும் இடம்)? அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு? நாடி பார்க்காமல் மருந்து எழுதித் தர என்னால் ஆகாது.

கே: கிளாண்டில் சொட்டினால் நட்டை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினால் போதும்தானே?

ப: இந்தப் பழக்கத்தோடுதான் எனக்குத் தீராத சண்டை. இறுக்க இறுக்க ஸ்டெம்மில், அதாவது வால்வைத் திறந்து மூடும் தண்டில், உராய்வு ஏறும். சொட்டு நிற்கும்; ஆனால் அவசரத்தில் மூட வேண்டிய மோட்டார் வால்வு பாதி வழியில் நின்றுவிடும். எது மேல்?

பேக்கிங்கை, அதாவது ஸ்டெம்மைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையங்களை, முதலிலேயே ஒழுங்காகப் போடுங்கள். பழைய வளையங்களை அடிவரை எடுங்கள்; மேலே இரண்டை எடுத்து இரண்டைப் போடுவது ஏமாற்று வேலை. ஸ்டெம்மில் கீறல் இருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. கிராஃபைட் வளையம் 5 போதும். மிச்ச ஆழத்துக்குக் கார்பன் புஷ் (கெட்டியான கார்பன் உருளை) போடுங்கள். பத்து வளையம் திணித்தால் அடியில் இருப்பவற்றுக்கு இறுக்கமே போய்ச் சேராது. நட்டுகளை மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், குறித்த அளவுக்கு இறுக்குங்கள். வால்வைச் சில முறை திறந்து மூடிவிட்டு மறுபடி அளவு பாருங்கள். பெர்மிட் (வேலைக்கான எழுத்து அனுமதி) இல்லாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

கே: பெல்லோஸ் வால்வில் ஸ்டெம்மைச் சுற்றி உலோகத் துருத்தியே கசிவை அடைக்கிறது. அதற்கு எதற்குப் பேக்கிங்?

ப: பெல்லோஸ் விரிசல் விட்டால் அதுதான் காவல். கனநீர்க் குழாயில் ஒழுகினால் பணமும் போகும், கதிர்வீச்சுள்ள டிரிட்டியமும் வெளியே வரும்.

கே: மூடிய வால்வு பாஸிங் ஆகிறது, அதாவது உள்ளே கசிந்து கடந்து போகிறது. ஸ்டெல்லைட் (கடினமான உலோகக் கலவை) சீட்டைத் தேய்க்கலாமா?

ப: தேய்க்கலாம். தூளை ஒரு துகள் விடாமல் எடுங்கள். ஸ்டெல்லைட்டில் பெரும்பகுதி கோபால்ட். உலைக்குள் போய், கதிர்வீச்சு வீசும் கோபால்ட்-60 ஆகித் திரும்பும். அது பாதியாகக் குறையவே 5 வருடம் ஆகும்.

கே: பானட் போல்ட்டுகளில் வெள்ளைப் பொடி. துடைத்தால் போதுமா?

ப: உலை நீரில் கலந்திருக்கும் போரிக் அமிலம் கசிந்து காய்ந்தது அது. அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் 2002-இல் பார்த்தபோது, உலை மூடியின் 15 செ.மீ. எஃகை அரித்துத் தின்றிருந்தது. மிஞ்சியது 1 செ.மீ. உள்தகடு. அங்கே கசிந்தது வால்வு அல்ல, கட்டுப்பாட்டுத் தண்டுக் குழாய், அமிலம் இதேதான். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், பெர்மிட்டோடு.

கே: கட்டுப்பாட்டு அறை விளக்கு ‘மூடியது’ என்றால் நம்பலாமா?

ப: 1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் நம்பினார்கள். மூடும் கட்டளை போனதைத்தான் விளக்கு காட்டியது. அழுத்தம் தணிக்கும் வால்வு இரண்டு மணி நேரத்துக்கு மேல் திறந்தே கிடந்தது. வெளியேற்றக் குழாய் கொதித்தும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே சிறு கசிவு இருந்ததால் குழாய் எப்போதுமே சூடாகத்தான் இருந்தது.